உறுதிப்படுத்தப்படாத தகவல்

விளக்கமறியல்,
06.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத வேண்டும் என்பதால் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழைக்குள் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார். இருந்தாலும் சொல்.

இங்கே படுக்கிறோம் என்று சொல்ல முடியாது. ஒருக்களித்துக் கிடக்கிறோம். ஒருவன் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும்.

தினேஷின் வீட்டுக்குப் போனாயா? குழி இடிந்து அவன் மண்ணுக்குள் போனபோது நாங்கள் மூன்று பேரும் கையால்தான் தோண்டினோம். அதைப் பொலிஸில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். எங்களைக் கூலிக்கு இறக்கிவிட்ட முதலாளியின் பெயரையும் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளவில்லை. அனுமதி இல்லாத மாணிக்கக் குழி, அதில் ஒரு சாவு, உள்ளே இருப்பது தோட்டத்துப் பையன்கள் மூன்று பேர். முதலாளி குருவிட்டவில் கல் விற்றுக்கொண்டிருக்கிறார்.

நம்முடைய 'லயம் கேமிங்' வீடியோ சனலை மட்டும் நிறுத்திவிடாதே. என் வழக்குக்கு நீ கோட்ஸுக்கு வந்து போகும் பஸ் காசு அதிலிருந்துதான் வர வேண்டும். புதுக் கொன்சோலை எப்போது அறிவிப்பார்கள், உள்ளே என்ன இருக்கும் என்ற வதந்தியைக் கேட்கத்தான் நாற்பதாயிரம் பேர் நம்மிடம் வருகிறார்கள். 'கேமே தெரியாத நான் என்ன பேசுவேன்' என்பாய். அக்கா, நானே அந்தப் பெட்டியைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். இங்கே இண்டர்நெட் இல்லை, ஆனால் வதந்திக்கு அது தேவையில்லை. நாலு வருடம் செய்த எனக்கு அதன் நடை தெரியும். பின்பக்கம் எழுதியிருப்பதை அப்படியே வாசி. முதலில் 'உறுதிப்படுத்தப்படாத தகவல்' என்று சொல்லிவிடு. அதைச் சொல்லிவிட்டால் பிறகு எதையும் சொல்லலாம்.

இன்னொன்று. அம்மாவுக்கு வயது முடிகிறது, ஜூன் முடிவில் அவர் பெயரைத் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலிலிருந்து வெட்டுவார்கள். வீட்டில் ஒருவர் பெயராவது அதில் இருந்தால்தான் தோட்டம் தந்த இந்த லயக் காம்பரா நமக்கு. என் பெயரைப் போடுகிறேன், நீ போ என்று சொன்னவன் நான். அது மாறாது. வெசாக் பண்டிகை மன்னிப்பில் எங்களை விடுகிறார்களாம். நீ எம்பிலிப்பிட்டிய பார்மசி வேலைக்குப் போக ஆயத்தமாகு.

உன் தம்பி,
ஸ்ரீதரன்

கீழ்ப்பிரிவு லயம்,
றக்வான,
19.04.2025

அன்புத் தம்பி ஸ்ரீதரனுக்கு,

உன் கடிதம் இங்கே வந்துசேர எட்டு நாள். தமிழில் எழுதினால் வாசித்துப் பார்த்து அனுப்ப அங்கே ஒரே ஒரு ஐயாதான் இருக்கிறாராமே. சிங்களத்தில் எழுதலாம், எனக்கும் உனக்கும் வராததா? ஆனால் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட முடியாது.

தினேஷின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி தந்தார். திட்டியிருக்கலாம்.

வீடியோ போட்டேன். சிக்னலுக்காகக் கோயில் பாறையில் ஏறி, அட்டை கடிக்கக் கடிக்க உன் புளுகை வாசித்தேன். புதுக் கொன்ட்ரோலருக்கு பேட்டரி கிடையாது, கைச்சூட்டிலேயே வேலை செய்யும் என்று எழுதியிருந்தாயே, அதை வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. 'அக்கா, எங்கட கை குளிராக இருந்தா என்ன செய்றது' என்று ஒரு பையன் நுவரெலியாவிலிருந்து கவலைப்பட்டுக் கேட்டிருக்கிறான். தம்பிக்குத் தொண்டை சரியில்லை, சரியானதும் வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அம்மாவைக் கூப்பிட்டு, "ஜூன் முப்பதாம் திகதியோட சரி ஜெயம்மா. மறுநாள் காலையில வேலைக்குப் பேர் குடுக்க யாரு பெரட்டுக்கு வர்றது? இல்லாட்டி காம்பராவ காலி பண்ணணும்" என்றாராம். மகன் வந்துவிடுவான் என்று அம்மா சொன்னார். எம்பிலிப்பிட்டிய பார்மசி றுகையா அக்காவுக்கு நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். ஜூலை வரை எனக்கு வேலை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். தங்க அறையும் தருவார். இரண்டு வருடத்தில் மருந்து கலக்கும் பரீட்சை எழுதலாம். எனக்கு இருபத்தேழு வயது, தம்பி. இதற்குமேல் யாரும் எனக்காக இடம் வைத்திருக்க மாட்டார்கள்.

அக்கா,
தர்மிளா

விளக்கமறியல்,
02.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழ்க் கடிதம் வாசிக்கும் ஐயா நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "புதுசு எப்ப வருது தம்பி? மகனுக்குப் பழசை இப்ப வாங்கவா, பொறுக்கவா?" என்று கேட்டார். பொறுக்கச் சொன்னேன். சிறையில் இருப்பவனிடம் கேட்டுவிட்டு அவரும் பொறுக்கிறார்.

உன் வாசிப்பில் ஒரு பிழை இருக்கும் என்று நினைக்கிறேன். நல்லதை மட்டும் சந்தோஷமாகச் சொல்கிறாய். வெறும் நல்ல செய்தியை யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு குறையைச் சேர்த்துச் சொல். படம் துல்லியமாம், ஆனால் பெட்டி சூடாகுமாம். ஜூனில் அறிவிப்பாம், ஆனால் ஆசியாவுக்குப் பிந்துமாம். குறையைக் கேட்டதும் 'இவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறது' என்று நம்பிவிடுவார்கள். இந்த முறை அப்படியே எழுதியிருக்கிறேன்.

வெசாக் பட்டியல் தயாராகிவிட்டதாம். எங்கள் மூவரின் பெயரும் இருக்கிறதாம். வெசாக் அன்றைக்கே இல்லை, கையெழுத்து வர இரண்டு நாள் பிந்துமாம். அம்மாவிடம் சொல். என்னுடைய நீலச் சேர்ட்டைக் கொண்டுவா.

ஸ்ரீதரன்

கீழ்ப்பிரிவு லயம்,
17.05.2025

தம்பி,

வெசாக் அன்று காலையிலிருந்து மறியல் வாசலில் நின்றேன். நீ சொன்ன இரண்டு நாள் பிந்தியும் நின்றேன். வெளியே வந்தவர்களைப் பெண்சாதிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லாரும் போன பிறகு காவலாளி, "தங்கச்சி, இனி யாரும் இல்லை" என்றான். சேர்ட்டோடு திரும்பினேன்.

மறுநாள் லோயரின் கந்தோருக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் லதீபா என்பவர்தான் உட்காரச் சொல்லி விளக்கினார். "தங்கச்சி, அந்த மன்னிப்பு தீர்ப்பு வந்த ஆக்களுக்கு. ஒங்கட தம்பிக்கு இன்னும் வழக்கே தொடங்கல்லயே." பிறகு இன்னொன்றும் சொன்னார். உனக்குப் பிணை ஏப்ரலிலேயே கொடுத்தாகிவிட்டதாம். சொந்தக் காணிக்கு உறுதிப் பத்திரம் உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்து வைத்தால் அன்றைக்கே வெளியே வரலாமாம்.

பிணை கொடுத்த அன்று நான் கோட்ஸின் பின்வாசலில், ஆட்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்கவில்லை. நீ கூண்டில் நின்றாய். உனக்குக் கேட்டிருக்கும்.

ஒரு குறையைச் சேர்த்துச் சொன்னால் நம்புவார்கள் என்று நீதான் எழுதினாய். கையெழுத்து இரண்டு நாள் பிந்தும் என்று எனக்கு எழுதியதும் அந்த வித்தைதானா?

இதையும் கேள். நம்முடைய கைச்சூட்டுக் கொன்ட்ரோலர் இப்போது இங்கிலீஷ் சனல்களில் ஓடுகிறது. 'தெற்காசியாவிலிருந்து கசிந்த தகவல்' என்கிறார்கள். அதையே திரும்ப நம்மிடம் கொண்டுவந்து, 'அக்கா, வெளிநாட்டுக்காரனும் சொல்லிட்டான், நீங்க சொன்னது சரி' என்று எழுதுகிறார்கள்.

தர்மிளா

விளக்கமறியல்,
27.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டது. காணி உறுதி என்று நீதவான் சொன்னதும் பக்கத்தில் நின்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். நான் சொல்லியிருந்தால் நீ யாரிடம் போயிருப்பாய்? நம் தோட்டத்தில் யாரிடம் உறுதி இருக்கிறது? ஐந்து தலைமுறையாக இந்த மலையில் புதைக்கிறோம். புதைத்த குழிக்குக்கூட நம்மிடம் உறுதி இல்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லை என்று தெரிந்து நீ அழுவதைவிட வெசாக் வரும் என்று இருப்பது நல்லது என்று நினைத்தேன். நானும் அதை முழுக்கப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் சொன்னார்கள். மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து சொன்னால் நம்புவது என் தொழில்.

இப்போது ஒன்று தோன்றுகிறது. நாற்பதாயிரம் பேரில் காணி உள்ளவர்கள் இரண்டு பேர் இல்லாமல் போவார்களா? சனலில் கேள். நடந்ததை நடந்தபடி சொல். எழுதித் தர எனக்கு ஒன்றும் இல்லை. நீயே பேசு.

ஸ்ரீதரன்

கீழ்ப்பிரிவு லயம்,
15.06.2025

அன்புத் தம்பிக்கு,

சொன்னேன். பாறையில் உட்கார்ந்து, காகிதம் இல்லாமல், குழி இடிந்ததிலிருந்து காணி உறுதி வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு இடத்தில் குரல் உடைந்துவிட்டது, வெட்டவில்லை. அந்த வீடியோவை நம் சனலில் இதுவரை இல்லாத அளவு பார்த்திருக்கிறார்கள்.

கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேள். 'செம டீசர்.' 'புது கேமோட கதையா அக்கா?' 'ஜெயில்ல தொடங்குற கேம், கிராபிக்ஸ் எப்படி?' 'நடிப்பு ஓவர், லீக்குக்கு வாங்க.' ஒருவன் உன் வழக்கு இலக்கத்தைக் கூட்டிக் கழித்து, அதுதான் அறிவிப்புத் திகதி என்று கண்டுபிடித்திருக்கிறான். அதற்கு ஆயிரம் பேர் லைக். உண்மை, உண்மை என்று கீழே எழுதிக்கொண்டே இருந்தேன். எழுத எழுத அவர்களுக்கு உற்சாகம் கூடியது.

ஒரே ஒருவர் எனக்கு போன் எடுத்தார். கேகாலையில் இருந்து, ரொபர்ட் என்று பெயர். றப்பர் காணி தகப்பன் பெயரிலிருந்து தன் பெயருக்கு வந்துவிட்டதாம். அண்ணனுக்கும் இருக்கிறதாம். இரண்டு பேரும் வந்து கையெழுத்து வைக்கிறோம், திகதியைச் சொல்லுங்கள் என்றார். பாறையிலேயே அழுதுவிட்டேன். போனை வைக்கப்போகும் நேரம், "ஒண்ணு மட்டும் சொல்லுங்க தங்கச்சி. நான் கையில இருந்ததை வித்துட்டுப் புதுசுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். அந்த ஜூன் கதை உண்மைதானே?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய். கையெழுத்துப் போட வருகிற மனிதனிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை அண்ணா, அதெல்லாம் தம்பி மறியலில் இருந்து எழுதி அனுப்பியது, நான் வாசித்தேன் என்றேன்.

அதற்கு அவர், "அப்ப ஜெயில் கதையும் யாரோ எழுதிக் குடுத்ததுதானே" என்றார். போனை வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. நீதிமன்றத்துத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

அம்மாவின் பெயரை வெட்ட இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. வேறு வழி தெரிந்தால் எழுது.

தர்மிளா

விளக்கமறியல்,
22.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மனதை விடாதே. இங்கே நம்பிக்கையான ஓர் ஆள் சொன்னான், அடுத்த மாதம் புது நீதவான் வருகிறாராம். காணி உறுதி கேட்கமாட்டாராம், கிராம சேவகர் கடிதம் போதுமாம். உடனே இல்லை, பொறுப்பேற்க ஒரு வாரம் பிந்துமாம். நீ பெரிய கிளாக்கரிடம் போய் ஒரு மாதம் தவணை கேள். மகன் கட்டாயம் வருவான் என்று அம்மாவை விட்டுச் சொல்லச் சொல். செக்ரோலில் உன் பெயரைப் போட்டுவிடாதே. போட்டால் பிறகு தோட்டத்தை விட்டு வெளியே வர முடியாது. அதை மட்டும் செய்யாதே, அக்கா.

ஸ்ரீதரன்

கீழ்ப்பிரிவு லயம்,
03.07.2025

அன்புத் தம்பி ஸ்ரீதரனுக்கு,

உன் கடிதம் ஒன்றாம் திகதி கிடைத்தது. அன்று காலையிலேயே பெரட்டுக்குப் போய்விட்டேன்.

தவணை கேட்கவில்லை என்று நினைக்காதே. அம்மாவோடு கந்தோருக்குப் போய் நின்றேன். "மகன் வருவான், மகன் வருவான்னு ஏப்ரல்ல இருந்து சொல்றீங்க. எனக்கு ஆள் வேணும், கத வேணாம்" என்றார் தோட்டத்துத் துரை. அம்மாவை எம்பிலிப்பிட்டியவுக்குக் கூட்டிப்போகலாமா என்றும் பார்த்தேன். அந்த அறையில் ஒருத்திதான் படுக்கலாம். அம்மாவும் வர மாட்டேன் என்றார். நீ வெளியே வந்தால் எந்த வீட்டுக்கு வருவாய் என்று கேட்டார்.

றுகையா அக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். திட்டவில்லை. வேறு பிள்ளை எடுத்துவிடுவேன் என்றார், எடுத்திருப்பார்.

அம்மாதான் கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிவிட்டார். இறுக்கிக் கட்டாதே, குனிந்தால் வலிக்கும் என்றார். கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏ.எல். பாஸ் பண்ணினவள் என்று ஒருத்தி சொன்னாள். "பாஸ் பண்ணினா கொழுந்து தானா கூடைக்குள்ள விழுமா" என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன்.

புதுக் கொன்சோலை ஜூனில் அறிவிக்கவில்லை. யாராவது நம்மைத் திட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவனும் திட்டவில்லை. நவம்பராம் என்று அவர்களே தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். இனி நான் வீடியோ போடமாட்டேன். அவர்களுக்கு நாம் தேவையில்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது. அது போகும், நீ என் தம்பி. ஆனால் புது நீதவான், அடுத்த மாதம், ஒரு வாரம் பிந்தும் என்று எனக்கு இனி எழுதாதே. சாப்பிட்டாயா, இருமல் விட்டதா, பக்கத்தில் படுப்பவன் யார் என்று எழுது. நடந்ததை மட்டும் எழுது.

பதினைந்தாம் திகதி உன்னைக் கோட்ஸுக்குக் கொண்டுவருவார்கள். அது வேலை நாள். புதிதாகப் பெயர் போட்டவள் மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் தவறினாலும் பெயரை வெட்டுவார்கள், காம்பராவும் போகும். அதற்குப் பிறகு வரும் வழக்குத் தவணைகளும் வேலை நாட்கள்தான். அந்த முழங்காலோடு அம்மாவால் பஸ்ஸில் ஏற முடியாது.

மறியல் பஸ்ஸிலிருந்து உன்னை இறக்கும்போது கூட்டத்தில் என்னைத் தேடாதே.

அக்கா,
தர்மிளா