வலது கன்னத்து மச்சம்

இன்று காலையில் உங்களைப் பார்த்தேன். குற்றாலம் பஸ் ஸ்டாண்டை விட்டு மெயின் அருவிக்குத் திரும்புகிற முக்கில், சாரலில் நனைந்துகொண்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தீர்கள். லாட்ஜுக்குத் தைத்த தலையணை உறைகளைப் பெரிய பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போன நான், நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்து, “என்னம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று கத்தினான். யாரிடம் சொல்லிவிட்டு வர? சொல்ல வேண்டிய ஆள்தான் பிளெக்ஸ் போர்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே.

புது பிளெக்ஸ். மழையில் நனைந்தால் அதற்கு ஒரு வாடை வரும், மண்ணெண்ணெய் மாதிரி. மேலே ‘இரண்டாம் ஆண்டு கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்தது. கீழே அந்த நடிகரின் பெயர். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் எழுதியாகிவிட்டது. அதற்கும் கீழே ரசிகர் மன்றத்து ஆட்களின் முகங்கள் வரிசையாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. நடுவில், பெரிதாக, நீங்கள்.

முதலில் என் கண்ணைத்தான் நம்பவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்ததிலிருந்து தென்காசி மார்க்கெட்டில் எத்தனையோ முதுகை நீங்கள் என்று நினைத்துப் பின்னால் போயிருக்கிறேன். ஆனால் இது முதுகு இல்லை, முகம். அந்த வலது கன்னத்து மச்சம். அந்த நடிகருக்கு மச்சம் இடது கன்னத்தில். நீங்கள் அவருடைய போஸ்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் புருவப் பென்சிலால் வைப்பீர்கள். போஸ்டரில் எந்தப் பக்கம் தெரிகிறதோ கண்ணாடியில் அதே பக்கம். கடைசியில் மச்சம் கன்னம் மாறிப் போய்விடும். கல்யாணமான புதிதில் நான் சொன்னேன். நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, “எவம்ட்டி கன்னத்தைப் பாக்கான்? நடையைத்தான் பாப்பான்” என்றீர்கள். எவனும் பார்க்கவில்லை என்பது நிஜம்தான். இன்றைக்கு அவருடைய சொந்த மன்றத்துக்காரனே பார்க்கவில்லை. ஏதோ டூரிஸ்ட் பிடித்து நெட்டில் போட்ட உங்கள் படத்தை பிளெக்ஸ் கடைக்காரன் செல்லில் தேடி எடுத்து, பெரிதாக்கி, அவருக்கு உங்களை அஞ்சலி ஆக்கிவிட்டான்.

அந்தப் படம் எடுத்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காக்கிச் சட்டைக்குள் நான் தைத்த பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சீசன் முழுக்க ஐந்தருவிக்கு ஆட்டோ ஓட்டினீர்கள். வண்டியை நிறுத்தியதும் காக்கியைக் கழற்றிவிட்டு, அவர் மாதிரியே தோளைச் சாய்த்து நாலு எட்டு நடப்பீர்கள். எண்ணெய் தேய்க்கிற ஆட்கள்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள். “ஆட்டோக்காரனா நின்னா பேரம் பேசுதான், அவரா நின்னா கட்டிப்பிடிக்கான். நீ எப்படி நிப்ப, சொல்லு?” என்று என்னைக் கேட்டீர்கள். பிறகு ஆடல் பாடல் குழுவில் சேர்ந்தீர்கள். இலத்தூரிலிருந்து திருவேங்கடம் வரைக்கும் எந்த ஊர்க் கோயில் கொடை என்றாலும் மேடையில் நீங்கள், மேடைக்குப் பின்னால் ஊசி நூலோடு நான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

உங்கள் குழுவில் எல்லாருமே யாரோ ஒருவராகத்தான் இருந்தார்கள். பெரிய பாடகர் மாதிரிப் பாடுகிறவர், பழைய கதாநாயகி மாதிரி ஆடுகிறவள், கிரிக்கெட்காரர் மாதிரி மட்டையைச் சுழற்றிவிட்டு இங்கிலீஷில் பேட்டி கொடுக்கிற பையன். டிவியில் யாராவது பெரிய ஆள் செத்த செய்தி வந்தால் நீங்கள் உடனே போனை எடுப்பீர்கள். சென்னைக்கா? இல்லை. இங்கே அவர் மாதிரி வேஷம் கட்டுகிற ஆளுக்கு. பாடகர் போன அன்று சாப்பிடாமல், வீரகேரளம்புதூரில் இருக்கிற அவர் வேஷக்காரரிடம் போனில் துட்டி கேட்டீர்கள், அவர் வீட்டிலேயே சாவு விழுந்த மாதிரி. “என்ன அண்ணாச்சி, இப்படி ஆயிப்போச்சே. மனசைத் தேத்திக்கோங்க.” நான் தட்டை வைத்துக்கொண்டு சிரித்தேன். “அவருக்கு அவரு என்ன மாமனா மச்சானா?” என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. “சோறு போட்டவரு செத்தா துட்டி கேக்கணும்லா” என்றீர்கள்.

அப்படித்தான் உங்கள் தலைவர் போன அன்று நம் வீட்டுக்கு ஆள் வந்தது. அவர் ஒரு வருஷம் சீக்கில் கிடந்து, எலும்பும் தோலுமாகி, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கை காட்டின கடைசி போட்டோ ஒன்று வந்ததே, அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட இல்லை. செய்தி வந்த மதியம் தெரு முழுக்கச் செருப்பு. யார் யாரோ வந்தார்கள், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு பெரிய மனுஷி உங்கள் முகத்தைத் தடவி, “ராசா, போயிட்டியே” என்று உங்களிடமே ஒப்பாரி வைத்தாள். இது துட்டி வீடா, கல்யாண வீடா என்று தெரியாமல் நான் அடுப்பில் காபியைப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் உயிரோடு உட்கார்ந்து உங்கள் சாவுக்கு அழுகை கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக நினைவஞ்சலி நிகழ்ச்சி. மேடையில் புகை போடுவான், நீங்கள் வெள்ளைச் சட்டையில் வருவீர்கள், சனம் அழும். முன்பெல்லாம் விசில் அடித்தவன் இப்போது காலில் விழுந்தான். பிள்ளையைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துப் பேர் வைக்கச் சொன்னார்கள்.

அந்த வருஷத்தில்தான் உங்களுக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. சட்டையைப் பிடித்துப் பிடித்துத் தைத்தது நான்தானே, எனக்குத் தெரியாதா? இடுப்பில் துணி நின்றது, ஆள் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். தென்காசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், வயிற்றில் கட்டி இருக்கிறது, உடனே பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேருங்கள் என்றார். திரும்பி வருகிற வழியில் நீங்கள் என்னிடம் பேசியது ஒரே ஒரு பேச்சு. “மொத வருஷ அஞ்சலி வருதுட்டி. அது முடியட்டும்.”

நான் காலைப் பிடித்தேன். கத்தினேன். சோறு பொங்காமல் கிடந்தேன். மன்றத்துச் செயலாளர் முருகையா வீட்டுக்கு வந்தபோது அவரிடமே சொன்னேன், இவருக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று. அவர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கிப் போய், “அண்ணே, கடைசி போட்டோல தலைவர் இருந்த மாதிரியே இருக்கீங்களேண்ணே. அச்சு அசல்” என்றார். சண்டாளா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தேன். மலர்ந்துவிட்டது! அந்த ஒட்டிப்போன கன்னத்தில் அத்தனை சந்தோஷம். “இத்தனை வருஷமா வராத முகவெட்டு இப்பல்லாட்டி வந்திருக்கு” என்று கண்ணாடி முன்னால் நின்றீர்கள். அன்றைக்கு அந்தக் கண்ணாடியை உடைக்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

தென்காசியில் அந்தச் சாயங்காலம் மேடையில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உங்களை உட்கார வைத்தார்கள். நீங்கள் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். கீழே சனம் ஓவென்று அழுதது. கை நடுங்கியது நடிப்பு என்று நினைத்து இன்னும் அழுதார்கள். மேடைக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு மட்டும் தெரியும், தூக்கிய கையை இறக்கக்கூட உங்களால் முடியவில்லை என்று. அதற்குப் பிறகுதான் பாளையங்கோட்டைக்குப் போனோம். டாக்டர் அம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?” என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? எங்க வீட்டுக்காரர் செத்துப்போன ஒருத்தராக நடிக்க வேண்டியிருந்தது என்றா?

உங்கள் சாவும் உங்கள் சாவாக இல்லை. ஐஸ் பெட்டிக்குள் உங்களைக் கிடத்தியதும் ஊர் எட்டிப் பார்த்து, “அப்படியே தலைவர் கிடக்க மாதிரியே இருக்கு” என்றது. உங்களுக்கு அடித்த அஞ்சலிப் போஸ்டரில் அவர் முகம் பெரிதாக, உங்கள் முகம் மூலையில் தபால்தலை அளவுக்கு. முருகையா மன்றக் கொடியைக் கொண்டுவந்து பெட்டி மேல் விரித்தார். நான் எழுந்து அதை இழுத்துக் கீழே போட்டேன். உங்கள் தம்பி என் கையைப் பிடித்து, “மதினி, மரியாதைதானே செய்தாங்க, விடுங்க” என்றான். விட்டுவிட்டேன். கொடியோடுதான் போனீர்கள்.

அதே முருகையாதான் இன்று போர்டுக்கு அடியில் குடை பிடித்து நின்றார். நேரே போனேன். “அண்ணாச்சி, மேல நிக்கது யாரு?” என்றேன்.

“ஏன் மதினி, தலைவருல்லா?”

“மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு? நல்லாப் பாருங்க.”

அவர் பார்த்தார். செல்லை எடுத்து ஒரு படத்தைத் தள்ளிப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். சாரலிலும் அவருக்கு வேர்த்துவிட்டது. “ஐயையோ! மதினி, சத்தம் போடாதீங்க. பெரிய ஆளுங்கல்லாம் வந்துட்டாங்க. சாயங்காலம் கழட்டிருதேன்.”

“கழட்ட வேண்டாம். அவரு அங்கனயே நிக்கட்டும். கீழ இருக்க பேரை மட்டும் மாத்துங்க.”

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் மைக்கில் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று சொல்லிவிட்டார்கள். சிப்ஸ் கடைக்காரர் கரண்டியை வைத்தார். பஸ்காரர் இன்ஜினை அணைத்தார். துண்டோடு குளிக்கப் போனவர்கள்கூட நின்றார்கள். அத்தனை தலையும் உங்கள் முகத்துக்கு முன்னால் குனிந்தது. நான் மட்டும் குனியவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

உங்கள் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உங்களைக் கூப்பிடுவதென்றால் “ஏங்க”. அடுத்தவரிடம் என்றால் “எங்க வீட்டுக்காரர்”. ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கேட்டபோதுகூட ஆதார் கார்டைத்தான் நீட்டினேன். பெண்டாட்டி வாயால் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அந்த மௌனத்துக்கு நடுவில், உங்கள் அப்பா பேரையும் சேர்த்து, உங்கள் பெயரைச் சொன்னேன். நல்ல சத்தமாக.

குனிந்த தலைகள் திரும்பின. பக்கத்தில் நின்ற ஒரு பெண், “அது யாரும்மா?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் போர்டைக் காட்டினேன். அவள் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் தோளைத் தடவிக்கொடுத்தாள். “எல்லாருக்கும் அப்படித்தான்மா இருக்கு. நம்ம வீட்டு ஆளு செத்த மாதிரி.”

அவளிடம் திரும்பவும் சொன்னேன். லாட்ஜில் உறைகளைக் கொடுக்கும்போது மேனேஜரிடம் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எந்த ஊர் என்று கேட்டாள், அவளிடமும் ஊரைச் சொல்லாமல் உங்கள் பெயரைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் சொன்னேன். இனிக் குறைய என்ன ஆயுசு இருக்கிறது? சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.