நான்காம் பத்தியில் நெஞ்சு வலி

பாசமுள்ள அண்ணே,

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீங்கள் எழுதிவைத்துப் போன குறிப்புகளை நிறுவனம் அச்சடித்துவிட்டது. பளபளப்பான அட்டை. நம் பதுளை அலுவலகத்தில் புதிதாகச் சேரும் மென்பொருள்காரர் எல்லோருக்கும் இலவசம்.

முன்பாதி முழுக்க உங்கள் நிரல் துண்டுகள். தேதியைச் சரிபார்க்க ஒன்று, ஒரே தொழிலாளியின் பெயர் இரண்டு முறை பதிவானால் பிடிக்க ஒன்று. எல்லாவற்றின் தலையிலும் உங்கள் விதி: 'பிழை வந்தால் முதல் வரியிலேயே நிறுத்து. உரக்கச் சொல்.'

பின்பாதி, மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுதும் முறை. முதல் பத்தியில் நன்றி. அடுத்ததில் நலம் விசாரிப்பு. மூன்றாவதில் முடித்த வேலை. கெட்ட செய்தி எதுவானாலும் நான்காவதில், அதுவும் 'சிறிய' என்ற சொல்லோடு.

இதை எங்கே படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், நம் அப்பா, தோட்டத்தை நடத்தும் துரையின் முன் நிற்பார். சலாம், மழை, கொழுந்து என்று சுற்றி வந்து கடைசியில்தான் நாம் குடியிருந்த லயத்துக் கூரை விழுந்ததைச் சொல்வார். அதற்குள் துரை போயிருப்பார். அப்பா அதைப் பயம் என்றே சொல்வார். நீங்கள்தான் 'தொழில்முறைத் தொடர்பாடல்' என்று பெயர் வைத்தீர்கள்.

"எடுத்த எடுப்புல விஷயத்தச் சொன்னா என்னண்ணே?" என்று கேட்டிருக்கிறேன்.

"போடி. கம்ப்யூட்டருக்குக் கோவம் வராது. கொழும்புல இருக்கிற மனுசனுக்கு வரும்."

உங்கள் கடைசி நாளன்று நான் வேலையாக வெலிமடைக்குப் போயிருந்தேன். உங்களுக்கு நெஞ்சு வலித்தது. அப்போதும் உங்கள் மின்னஞ்சல் முறையை மீறவில்லை. கொழும்பு மேலாளருக்கு நன்றி, நலம், முடித்த வேலை. நான்காம் பத்தியில், 'சிறிய நெஞ்சு வலி, அனுமதி கிடைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.'

பக்கத்து மேசை ரிஸ்வான் பிறகு என்னிடம் அழுதான். "'வாங்கண்ணே, த்ரீவீலர் புடிக்கிறேன்'னு கெஞ்சினேன் அக்கா. 'பதில் வரட்டும் தம்பி, சொல்லாமப் போனா மரியாத இல்ல'ன்னு உக்காந்துட்டாரு."

பதில் வந்தது. 'முடித்த வேலைக்கு நன்றி. மற்றதை நாளை பேசுவோம்.' நாளை பேச நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரி என்ன, கண்டியிலா இருந்தது? இதே பதுளையில்தானே.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர் அந்த மின்னஞ்சலை வாசித்தார். "கடைசி நேரத்திலும் என்ன பணிவு!" என்றார். கைதட்டினார்கள். இப்போது அது புத்தகத்தில் மாதிரிக் கடிதம்.

பின்பாதியைப் பாடம் எடுக்க என்னைத்தான் நியமித்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் வேலை இல்லை என்பதை மேலாளர் மிகப் பணிவாக எழுதியிருந்தார். எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டப் பெண் ஒருத்தி முதல் வகுப்பிலேயே கேட்டாள்: "அக்கா, சர்வர் எரிஞ்சாக்கூட நாலாவது பத்தியிலதான் எழுதணுமா?"

அவளும் பெரட்டுப் பார்த்து வளர்ந்தவள். ஆமென்று சொன்னால் அப்படியே கேட்பாள்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அந்தப் பாடத்தை இனி நான் எடுக்க மாட்டேன். வலிக்கிறவர்கள் எழுந்து போகட்டும்; நன்றியைப் பிழைத்து வந்து எழுதிக்கொள்ளலாம். மேலாளருக்கும் இதைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒரே வரிதான்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
மலர்