உங்கள் கையில் பிழையில்லை, உம்மா

என் பாசமுள்ள உம்மாவுக்கு,

கடல் கொண்டுபோனவர்களோடு உங்களையும் சேர்த்துத்தான் அடக்கினார்கள். எது உங்கள் கபுறு என்று தெரியாததால், எல்லாக் கபுறுக்கும் ஸலாம் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் கடைக்குட்டி நஸீஹா நலம். ஆள் இன்னும் குள்ளம்தான். வாய் மட்டும் கல்முனை முழுக்கக் கேட்கும்.

அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் முடி கொத்தாக உதிருமே, நினைவிருக்கிறதா? நீங்கள் முரட்டுத்தனமாகச் சீவித்தான் பிள்ளையின் தலை கெட்டது என்று வாப்பாவின் தங்கச்சி, நம் மாமி, கல்யாண வீட்டில் பெண்களுக்கு நடுவே சொன்னார். அன்றைக்கே வீட்டுச் சீப்பையெல்லாம் எறிந்துவிட்டு விரலால் கோதத் தொடங்கினீர்கள். அப்படியும் உதிர்ந்தது. மாமியிடம் ஏன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை?

சுனாமிக்கு முதல்நாள் அவளை மாவடிப்பள்ளிக்கு, என் வீட்டுக்கு அனுப்பியபோதும் அதையே சொன்னீர்கள்: “புள்ளைக்குச் சீப்புப் போட்டுராத. எண்ட கையாலதான் அவள்ற முடி போச்சு.” நான் கடைசியாகக் கேட்ட உங்கள் பேச்சு அதுதான்.

நாட்டுச் சண்டை முடிந்து, சோதனைச் சாவடிகள் குறைந்த பிறகு அவளைக் கொழும்புக்கு ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனோம். யார் வெயிலில் நின்றாலும் மரபணுவில் பழுது விழுமாம். அதைத் திருத்த உடம்பில் ஒரு புரதக் கூட்டம் இருக்கிறதாம். மரபணுவைத் திறந்து வாசிக்க வைப்பதும் அதே கூட்டம்தானாம். வாசித்தால்தான் முடியோ தோலோ ஒழுங்காக உருவாகும் என்றார் டொக்டர். வாப்பா விடுவாரா, வயல்காரர் அல்லவா?

“அப்ப வாய்க்கால் திருத்துற ஆளும் மடை திறக்கிற ஆளும் ஒண்டுதான் எண்டு சொல்லுங்க” என்றார். டொக்டர் சிரித்துவிட்டு ஆமோதித்தார்.

நஸீஹாவுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு புரதம் பலவீனம். காய்ச்சல் சூட்டில் அது இன்னும் தளர்ந்துவிடும். அப்போது வளரும் முடி வலுவில்லாமல் உடைந்துபோகும். நீங்களும் வாப்பாவும் மச்சான் மச்சாள், மாமன் மகளும் மாமி மகனும். பழுதான மரபணு ஆளுக்கொன்று இருவரிடமும் இருந்திருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் செய்யாதது, இரண்டும் சேர்ந்ததால் பிள்ளையைப் பிடித்தது.

சீப்பு என்ன பாவம் செய்தது உம்மா? உங்கள் கை என்ன பாவம் செய்தது?

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழும்பிப் போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். போன கிழமை உங்கள் பேரில் கத்தம் ஓதினோம். அன்று கல்யாண வீட்டில் இருந்த பெண்கள் பலரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுச் சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்தபோது மாமி சொன்னார்: “மதினிர கையில ஒரு பிழையும் இல்ல. அது எங்கட பக்கத்திலயும் இருந்து வந்த வருத்தம். நான்தான் அநியாயமாக் கதைச்சிட்டன்.”

ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. நான் குசினிக்குள் போய் அழுதேன். இதைக் கேட்க நீங்கள் இல்லையே.

மாமியின் பேத்திக்கு என் மகனை மாப்பிள்ளை கேட்கிறார்கள். இரண்டு பேரின் இரத்தத்தையும் சோதித்துப் பார்க்காமல் நான் ஓம் சொல்ல மாட்டேன், இது உங்கள் மேல் ஆணை இல்லை, அல்லாஹ் மேல் ஆணை. நம் குடும்பத்தில் இன்னொரு உம்மா தன் கையைப் பார்த்து அழக்கூடாது.

நஸீஹா பக்கத்தில் வந்து இருக்கிறாள். சீப்பு எடுத்து வந்திருக்கிறாள். சீவிவிடப் போகிறேன்.

உங்கள் மூத்த மகள்,
நஸீஹாவின் ராத்தா