பக்கத்துக் கட்டிலின் ரத்தம்

வெள்ளி, இரவு

அப்பாவுக்கு மறுபடி மூச்சிரைப்பு முற்றி வார்டில் சேர்த்திருக்கிறோம். உருக்காலை உலையடியில் கெட்ட நுரையீரல். ஹீமோகுளோபின் எட்டுதான், அது ஏறாவிட்டால் மூச்சு தேறுவது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

இந்த வார்டில் ஹீமோகுளோபினைப் பரீட்சை மார்க் மாதிரி விசாரிக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் இதே நோய். "எங்க நைனாவுக்கு பதினெட்டு, அக்கா!" என்றாள் அவர் மகள் ஸ்டெல்லா. எனக்கு வயிறு எரிந்தது. நான் பீட்ரூட்டும் பேரீச்சையும் ஊட்டி என்ன பயன்?

மாலையில் டாக்டர் அவளிடம், அதுவும் நல்லதில்லை என்றார். மூச்சு போதாததால் உடம்பு ரத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. கெட்டியாகிவிட்டது, கொஞ்சம் எடுக்க வேண்டும். அவள் முகம் வாடியது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

அப்பா ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, பக்கத்துக் கட்டில்காரரிடம், "இன்னாபா, எடுக்கிறத வீணாக்காத. இந்தப் பக்கம் ஊத்தச் சொல்லு" என்றார்.

"டப்பு எவ்ளோ தருவ?" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. நானும் ஸ்டெல்லாவும் ஒரே நேரத்தில் எழுந்து அவரவர் அப்பா முதுகைத் தடவினோம். அப்போதும் நான் கவனித்தது, யாருடைய இருமல் முதலில் அடங்குகிறது என்பதைத்தான்.

ஸ்டெல்லா அப்பாவுடையதுதான் முதலில் அடங்கியது.