பக்குரங்காவுக்கு வந்து சேர்ந்த மேரி ரோஸ்

காருக்குள் இன்னும் வார்னிஷ் மணக்கிறது. கண்ணாடியை இறக்க மனம் வரவில்லை. முதலில் உங்களுக்கு நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: கப்பல் பத்திரமாக வந்துவிட்டது.

நாம் இருந்த கிளென் ஈடன் வீட்டை விற்றுவிட்டு, மகள் துளசிக்குப் பக்கத்தில், பக்குரங்காவில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறேன். சாமான் ஏற்ற வந்தவர்கள் கராஜில் நீங்கள் மரத்தில் செய்து வைத்த மாதிரிக் கப்பல் மேரி ரோஸின் பாய்மரங்களையும் நூல் கயிறுகளையும் பார்த்துவிட்டு, உடைந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள்.

பஸ் ஓட்டுவதை விட்டு ஓய்வு பெற்றபின் நீங்கள் அந்தக் கராஜிலேயேதான் இருந்தீர்கள். தேத்தண்ணி கொண்டுவரும்போதெல்லாம் எனக்கொரு துண்டுக் கதை கிடைக்கும். இங்கிலாந்தின் இளம் அரசர் ஆசையாகக் கட்டுவித்த போர்க்கப்பல். பிரெஞ்சுக்காரரோடு பல சண்டைகள். வயதான பிறகு அதில் இன்னும் கனமான பீரங்கிகளை ஏற்றினார்கள். கடைசியில், கரையில் அரசர் பார்த்துக்கொண்டு நிற்கவே, ஒருபக்கம் சரிந்து ஆட்களோடு மூழ்கிப்போனது.

"மூழ்கின கப்பலுக்கு ஏன் இவ்வளவு பாடுபடுறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது மூழ்கினது ஒரு நாள்தானப்பா. அதுக்கு முந்தி முப்பது வருசத்துக்கு மேல கடலில ஓடினது. நான் அந்த ஓடின கப்பலைத்தான் கட்டுறன்."

நீங்கள் போனபின் துளசி கராஜுக்குள் காலே வைக்கவில்லை. இன்று காலை அவளே வந்து கதவைத் திறந்தாள். "நான் மடியில வச்சிருக்கிறன். நீங்கள் ஓட்டுங்கோ அம்மா" என்றாள்.

வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றபடியே வந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே ஒரு நூல்தான் தளர்ந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு விட்டேன்.

கப்பலை ஜன்னலோரம் வைத்தபின் துளசி, "அப்பான்ர பஸ்ஸில ஏற எனக்குச் சரியான வெக்கம். எல்லாருக்கும் முன்னால 'சாப்பிட்டிட்டியோ?' எண்டு கேப்பார்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். இத்தனை மாதமும் கண்ணை மூடினால் நீங்கள் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வரும். இப்போது நீல உடுப்போடு, ஸ்டியரிங்கில் ஒரு கையும், ஏறுகிறவர்களுக்கு உயர்த்திய மறு கையுமாக நீங்கள் வருகிறீர்கள்.