பாட்டு முடியும் வரை

ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் துருவும் கற்பூரமும் கலந்த வாடை வந்தது. உள்ளே நாம் இருவரும் பதிவு செய்த கேசட்டுகள், பதினொன்று. பத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒன்றுமட்டும் புதிதுபோல் இருந்தது. எது கெட்டுப்போகட்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் கைகாட்டியிருப்பேன். பூஞ்சை யாரையும் கேட்பதில்லை.

பெட்டியைத் திறக்க வைத்தவள் உன் மகள். நீ போனபோது அவளுக்கு இரண்டு வயது. பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "மாமா, அப்பா போட்டோ நாலு இருக்குது. வாய்ஸ் ஒண்ணுகூட இல்ல. நீங்க ரெண்டு பேரும் ரேடியோப் பாட்டு ரெக்கார்ட் பண்ணுவீங்களாமே? எதுலயாவது பேசியிருப்பாரா? ஞாயித்துக்கெழம வரேன்."

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன். எந்தக் கேசட் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

நம் கேசட்டுகளில் பேச்சு இருக்காது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்ல? ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திவிட்டால், கோரமண்டல் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் உங்கள் லைன் வீட்டில் யாரும் இருமக்கூடாது. குக்கரை உன் அம்மா அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். "இன்னாடா இது, எழவு வீடு மாதிரி" என்று உன் அப்பா திட்டுவார், அதையும் வாசலுக்குப் போய்த் திட்டுவார்.

அந்த ஒரு கேசட்டில்தான் நீ பேசினாய். மறந்திருக்க மாட்டாய். மூன்று மாதமாய்க் காத்திருந்த பாட்டு வந்த பிற்பகல். உன் அப்பா செகண்ட் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருந்தார். பாட்டின் நடுவில் பூமிக்கடியில் பாறை வெடித்தது. ஏர்பிளாஸ்ட். வீடு குலுங்கித் தட்டுகள் விழுந்தன. உன் அம்மா செருப்பில்லாமல் சுரங்க வாயான ஷாப்ட் பக்கம் ஓடினார். ஊர் வழக்கம் அது. ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை எல்லா வீட்டுப் பெண்களும் அங்கேதான் நிற்பார்கள். நீயும் எழுந்தாய்.

நான் உதட்டில் விரல் வைத்தேன். நீ உட்கார்ந்தாய்.

மறுநாள் காலை உன் அப்பா நசுங்கிய பாதத்தோடு மேலே வந்தார். பாட்டு முடியும்வரை நீ உட்கார்ந்திருந்த அந்த மூன்று நிமிடத்தால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நீயும் அதைப் பற்றிக் கடைசிவரை பேசவில்லை. அந்தத் தைரியத்தில்தான் உன் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்து, "பாட்டு கெடக்கட்டும், ஓடுடான்னு நான்தான் தள்ளினேன்" என்று சொன்னேன். எல்லோரும் நெகிழ்ந்தார்கள். அதன்பின் அதைப் பலமுறை சொல்லி, ஓரளவு நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

சனிக்கிழமை நாடாவைச் சுண்டுவிரலில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் இழுப்பு போதும். "அறுந்துபோச்சும்மா, பழசு" என்றால் நம்பிவிடுவாள். ஆனால் அறுத்தால் போவது என் பொய் மட்டுமல்ல, உன் குரலும். கேசட்டின் துளையில் பென்சிலை விட்டு நாடாவைத் திரும்பச் சுற்றினேன்.

ஞாயிறன்று யாரிடமோ இரவல் வாங்கிய பிளேயரோடு வந்தாள். "அப்பாவ ஓடச் சொன்னது நீங்கதானாமே மாமா, அம்மா சொல்வாங்க" என்றபடியே பட்டனை அழுத்தினாள்.

பாட்டு. இடி போன்ற சத்தம். தட்டுகள். பிறகு மிகத் தெளிவாக, "ஷ்ஷ்!" என் கைங்கரியம். அதன்பின் மூன்று நிமிடம் காதல் பாட்டு, ஒரு குறையுமில்லாமல். உன் மகள் கண்ணை மூடி உன் குரலுக்காகக் காத்திருந்தாள். நான் கண்ணைத் திறந்தபடி காத்திருந்தேன்.

பாட்டு முடிந்தது. "முடிஞ்சிச்சா? போவட்டா?" என்றாய் நீ. டக்கென்று பதிவு நின்றது.

மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டாள். "இவ்ளோ சின்னப் பையன் குரலா!" என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு, "எங்க போறதுக்கு பர்மிஷன் கேக்கறாரு? 'ஷ்'னது யாரு?"

சொன்னேன். பந்தியில் சொன்ன பொய்யையும் சேர்த்து.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மெதுவாக ஒன்றுதான் கேட்டாள். "போவட்டான்னதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போ என்றேனா, தலையாட்டினேனா, உன் பக்கம் திரும்பினேனா, எதுவும் நினைவில் இல்லை. நாடா வீணாகக்கூடாது என்று பட்டனை அழுத்தியது மட்டும் விரலில் இருக்கிறது.