ட்ரம்ஸ் மைக்கில் டெனிஸ்

ஜூன் 8, ஞாயிறு

மேற்கிலிருந்து கச்சான் காற்று. மாடியில் காயப்போட்ட துணி முழுக்க உப்புத் தூசி, மறுபடி அலசல். ஆலயம் போகவில்லை. நாசரேத்திலிருந்து அப்பா ஃபோன். போனாயா என்றார், போனேன் என்றேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டுவிட்டார். ரிட்டயர்டு வாத்தியாரிடம் பொய் சொன்னால் இப்படித்தான்.

மதியம் முத்துவும் நானும் டெனிஸ் வீட்டுக்கு. அவன் போய் ஐந்து மாதம். பைபாஸில் பைக் சறுக்கியதோடு சரி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லை. டிவி மேல் இன்னும் போர்வை. பாட்டு, டிவி, ரேடியோ எதுவும் அந்த வீட்டில் ஒரு வருடத்துக்குக் கிடையாது.

போனது ஆல்பம் விஷயமாக. எட்டுப் பாட்டு. எட்டையும் டெனிஸ் டிசம்பரிலேயே பாடி முடித்துவிட்டான். நான் ட்ரம்ஸ். முத்து கிட்டார், மிக்ஸிங்கும் அவனேதான். அவனுக்கு கத்தார் விசா வந்துவிட்டது, மாதக் கடைசியில் விமானம். அதற்குள் வெளியிடாவிட்டால் எப்போதுமே இல்லை.

டெனிஸ் அம்மா டீ போட்டார். பிறகு குசினியில் நின்றபடியே சொன்னார்:

“ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்கு மக்கா. இங்கன டீக்கடையிலயும் ஃபோன்லயும் அவன் சத்தம் கேட்டுட்டே இருந்தா அது எப்படி மேல போவும்? திரும்பித் திரும்பிப் பாத்துட்டுல்லா நிக்கும். பாட்டப் போடுங்க, வேண்டாங்கல. அவன் சத்தம் மட்டும் ஒரு துளிகூட வேண்டாம்.”

உள்ளங்கையை நீட்டினார். முத்து தரையைப் பார்த்தான். நான் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் பண்ணக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள்.

அவர்கள் கத்தோலிக்கர். எங்கள் சபையில் உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது. இறந்தால் நேரே அந்தப் பக்கம் அல்லது இந்தப் பக்கம். நடுவில் யாரும் நிற்பதில்லை.

ஜூன் 11, புதன்

ஆபீஸில் கொழும்பு கப்பல் இரண்டு நாள் தாமதம், எல்லா பில்லிலும் தேதி திருத்தம். மேனேஜர் என்னைத் திட்டினார், கப்பலைத் திட்ட முடியாதே.

செய்ய வேண்டியவை: ஸ்னேர் ட்ரம்முக்குப் புதுத் தோல். பல் டாக்டர். டெனிஸுக்குப் பதில் பாட, செல்வின் அண்ணனுக்குப் பாட்டு வரிகள். வாட்டர் கேன்காரரிடம் சண்டை.

சா. 5 மணி: டெனிஸின் குரல் டிராக் எட்டையும் முத்து அழித்தான். நான் பக்கத்தில். ஏரல்காரன், எதற்கும் கலங்காதவன். அழித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். ஈரத்தோடே கீபோர்டைத் தொட்டான், நான் அதட்டவில்லை.

செல்வின் அண்ணன் பாடச் சம்மதம். சாத்தான்குளம் ஆள், வங்கி வேலை, ஆலயக் கொயரில் டெனர். சுத்தமான குரல். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட குரல்.

ஜூன் 14, சனி

கோடவுனில் ரெக்கார்டிங். முத்து மாமாவின் உப்பு கோடவுன்தான் எங்கள் ஸ்டூடியோ. காலையில் லாரிகளுக்கு, மதியம் இரண்டுக்கு மேல் எங்களுக்கு. வெளியே லோடுமேன் இருவர்: “பாட்டு மாறிட்டே.” “ஆளுல்லா மாறிட்டான்.”

பாட்டு 1 முதல் 5 வரை முடிந்தது. செல்வின் அண்ணன் ஒவ்வொரு வரிக்கும் சரியா என்று கேட்டார். சரிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை.

அவர் கிளம்பியபின் ட்ரம்ஸை மட்டும் தனியாக ஓடவிட்டேன், ஸ்னேர் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க.

டெனிஸ் பாடினான்.

தூரத்தில், பக்கத்து வீட்டுக் குளியலறையில் பாடுகிற மாதிரி. ஹெட்ஃபோனைக் கழற்றினேன், நின்றுவிட்டது. மாட்டினேன், பாடினான். திரும்பிப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பார்த்தேன். உப்பு மூட்டைகள்.

முத்துவுக்கு உடனே விளங்கிவிட்டது. டிசம்பரில் ட்ரம்ஸ் பதிந்தபோது டெனிஸும் அதே இடத்தில் நின்று கூடவே பாடினான். சத்தத்தைத் தடுக்க நடுவில் மெத்தையாவது நிறுத்துவோம் என்று முத்து எவ்வளவோ சொன்னான். கோயில் கொயரில் தோளோடு தோள் இடித்துப் பாடிப் பழகியவன், பக்கத்தில் ஆள் இல்லாமல் பாட வராது என்றான். என் கிக் ட்ரம்முக்கு ஓரடி முன்னால் நின்றான். என் தலைக்கு மேலே தொங்கிய இரண்டு மைக்கிலும் அவன் குரல் ஏறியிருக்கிறது. எட்டுப் பாட்டிலும்.

“யாருக்குளா கேக்கும்? செல்வின் சத்தம் மேல ஏறுனா அமுங்கிரும்,” என்றான்.

“எனக்குக் கேக்குல்லா.”

ஜூன் 15, ஞாயிறு

ஆலயம் போனேன். ஞானப்பாட்டில் மூன்றாம் சரணத்தில் பின்வரிசையிலிருந்து அவன் குரல். மாட்டேன், திரும்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். ஆமென் சொல்லி உட்காரும்போது பார்த்தேன். வழுக்கைத் தலைச் சபைப் பெரியவர்.

இதுவரை கேட்ட இடங்கள்: டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசிலுக்குப் பின்னால். நேற்று இரவு பல் கிளினிக்கின் ஏசி. பிரஷர் குக்கர், இரண்டாம் விசிலுக்கு முன். பல் டாக்டரின் டிரில்.

டெனிஸ் அம்மாவுக்கு ஃபோன் செய்து சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது? நாங்கள் விரட்டிவிட்டோம், அவன் போகவில்லை என்றா?

ஜூன் 19, வியாழன்

செல்வின் அண்ணன் மீதி மூன்று பாட்டையும் பாடி முடித்துவிட்டார். முத்து நான்கு நாளாக ஏதேதோ செய்து பார்த்துவிட்டான். டெனிஸ் குரலைக் குறைத்தால் சிம்பல் ஓசையும் கூடவே செத்துப்போகிறது. அப்படியே விட்டுவிடுவோம் என்கிறான், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்கிறான். ஒரே வழி, எட்டுப் பாட்டுக்கும் ட்ரம்ஸை மறுபடி வாசிப்பது. வேண்டாம் என்கிறான். டிசம்பரில் வாசித்த மாதிரி இனி எனக்கு வராதாம். உண்மை. அதைச் சொல்ல இவன் எதற்கு?

இன்னொன்றையும் இங்கேயாவது எழுதிவிடுகிறேன். சனிக்கிழமையே ட்ரம்ஸ் டிராக்கை ஃபோனில் ஏற்றிக்கொண்டேன். பஸ்ஸில் கேட்கிறேன், ஆபீஸில் மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்கிறேன். பா. 6-ல் ஒரு வரியை மறந்து லாலா போடுகிறான், பிறகு சிரிப்பு. அதை மட்டும் இன்று எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

அவன்மேல் காதல் என்று ஊரில் பேச்சு இருந்தது. அப்படியெல்லாம் இல்லை. எட்டு வருடம் அவன் பிடரியைப் பார்த்து ட்ரம்ஸ் அடித்தேன், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதியபின் வெகுநேரம் அழுகை.

அவன் அங்கே நிற்கிறான் என்றால், பிடித்து நிறுத்தி வைத்திருப்பது நான்தான். அவன் அம்மா சொன்னது சரி.

ஜூன் 22, ஞாயிறு

ம. 2 மணிக்கு கோடவுன். நல்ல வெக்கை. கதவைச் சாத்தினால் அடுப்பு, திறந்தால் காற்று மைக்கில் மோதுகிறது. சாத்தினோம்.

பா. 1 முதல் 7 வரை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. தவறில்லாமல், உயிரில்லாமல். பா. 8 வரவில்லை. பல்லவிக்குத் திரும்பும் முன்பு டெனிஸ் இடது குதிகாலைத் தூக்குவான், அதைப் பார்த்துத்தான் நான் உள்ளே வருவேன். தாளத்தை எண்ணுவதெல்லாம் பிறகு வந்த கதை. இன்று அந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரை. ஆறு தடவை தவறவிட்டேன். முத்து எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, டெனிஸ் நின்ற இடத்துக்கு அரையடி தள்ளி நின்றான். அந்த இடத்தில் நிற்கவில்லை. சரியான நேரத்தில் குதிகாலைத் தூக்கினான். அடித்து முடித்தேன்.

பிறகு பழைய ட்ரம்ஸ் டிராக்குகளை அழித்தேன். கம்ப்யூட்டரில், ஹார்ட் டிஸ்க்கில், என் ஃபோனில்.

“ஒரு காப்பியாவது வைளா. அவசரப்படாத.”

“இருந்தா போட்டுருவேன்ல. என்னய எனக்குத் தெரியும்.”

முத்து அதற்குமேல் தடுக்கவில்லை. இருவரும் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தோம். வெகுநேரம் காற்றுச் சத்தம் மட்டும். அதில் யாரும் இல்லை.

ஜூன் 28, சனி

முத்து போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் அவன் வீட்டார், ஏரலிலிருந்து வந்த சொந்தம், ஊறுகாய் பாட்டில் எத்தனை என்று தகராறு. கிட்டாரை என்னிடம் விட்டுப் போயிருக்கிறான். மிக்ஸிங் நேற்றே முடித்து ஏற்றிவிட்டான், வெள்ளிக்கிழமை தானாக வெளியாகும். பஸ் ஏறும்போது, நல்லா வந்திருக்குளா, என்றான். என் முகத்தைப் பார்க்காமல்.

பல் வலி. இரண்டாம் சிட்டிங் போக வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

வெளியாகிவிட்டது. ஆபீஸில் எல்லோர் ஃபோனிலும். மேனேஜர் பா. 2 நன்றாக இருக்கிறது, ட்ரம்ஸ்தான் கொஞ்சம் சத்தம் என்றார். அப்பா பூக்கடை அண்ணாச்சிக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. செல்வின் அண்ணன் வீட்டில் பிரியாணி, அழைத்தார், போகவில்லை.

மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. யாருடைய ஆல்பமோ மாதிரி இருக்கிறது. ஏசியில் ஏசிச் சத்தம், பஸ்ஸில் பஸ் சத்தம். இரண்டு வாரமாக எங்கேயும் அவன் இல்லை. நிம்மதி என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனா போகவில்லை.

ஜூலை 5, சனி

கா. 10 மணி. ஸ்னேரைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். டெனிஸ் அம்மா ஃபோன்.

பாட்டுக் கேட்டாராம். துக்க வீடு ஆயிற்றே, அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஃபோனையும் இயர்ஃபோனையும் இரவல் வாங்கி, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டுப் பாட்டையும் இரண்டு தடவை. நல்லா இருக்கா அம்மா என்றேன்.

“ஒங்க ரெண்டு பேரயும் எனக்குத் தெரியும்லா. எங்கிட்ட சத்தியம் பண்ணுனாலும் எங்கயாவது ஒரு மூலையில அவன ஒளிச்சு வச்சிருப்பியன்னு நெனச்சேன். தேடித் தேடிக் கேட்டேன் மக்கா. ஒரு எடத்துலயும் இல்லயே.”

நீங்க சொன்னதைத்தானே செய்தோம் என்றேன். ஆமாம், சொன்னேன்தான் என்றார். பதின்மூன்று நாளுக்கு முன்பு வரை எட்டிலும் இருந்தான் என்பதை நான் சொல்லவில்லை.

“வேற எதுலயாவது வச்சிருக்கியாளா?”

இல்லம்மா என்றேன். நல்லா யோசிச்சுப் பாரு என்றார். கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், ஃபோன் என்று யோசிப்பது போல் விரலை மடக்கினேன். அவர் காத்திருந்தார்.